ஈசானியம் வரை வந்த ஒரே படம்

போன வாரம் லாட்ஜில் கூட்டமில்லாத ஒரு மத்தியானம். ஆன்லைன் புக்கிங் பார்க்கிற திவ்யா தன் கைபேசியை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"சார், எல்லாக் காலத்துக்கும் சிறந்த நூறு படம். ரசிகர்களே ஓட்டு போட்டு வரிசைப்படுத்தியிருக்காங்க. நீங்க எப்பவும் சொல்ற அந்தப் படம் எத்தனாவதுன்னு பாருங்க."

கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு ஒன்றிலிருந்து நூறு வரை பார்த்தேன். பிறகு நூறிலிருந்து ஒன்று வரை பார்த்தேன். இல்லை. இல்லை என்பது எனக்கு முன்பே தெரியும், இருந்தாலும் பார்க்காமல் விட மனம் வரவில்லை. "அப்ப அது சுமாரான படம்தான் போல சார்" என்றாள் அவள், ஏதோ எனக்கு ஆறுதல் சொல்கிறமாதிரி. கோபத்தையும் ஊறுகாயையும் விடச் சொல்லி டாக்டர் எழுதிக்கொடுத்திருக்கிறார். நான் இரண்டையும் விடவில்லை.

"இந்த நூத்துல தொண்ணூறு படம் எமலிங்கத்தையே தாண்டாது" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. உங்களுக்கும் புரிந்திருக்காது. சொல்கிறேன், ஆனால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்து முடித்த பிறகு என்னிடம் யார் வந்து பேசினாலும் என் முதலிடம் மாறாது.

இந்த லாட்ஜில் நான் வரவேற்பு மேசைக்கு வந்து உட்கார்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. வெளியே மாடிப்படிக்குக் கீழே, ஒரு ஆள் குனிந்து நுழைகிற இடத்தில், பாஷா பாயின் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடை இருந்தது. கடை என்றால் ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு முக்காலி, ஒரு சின்னக் கிண்ணத்தில் பெட்ரோல். கடிகாரத்தின் பல்சக்கரங்களை அந்தப் பெட்ரோலில்தான் கழுவுவார். இன்றைக்கும் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினால் எனக்கு ஏதாவது ஒரு படத்தின் கதை ஞாபகம் வந்துவிடும். பாய் ஒரு கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பார், மறு கண்ணால் எங்களைப் பார்த்துக் கதை சொல்வார். எந்தக் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்வது என்று ஆரம்பத்தில் எனக்குக் குழப்பமாக இருக்கும்.

எங்களை என்றால் என்னையும் ஏழுமலையையும். ஏழுமலை கீழ்பென்னாத்தூர்க்காரன், என் வயது. தேரடித் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு உரக்கடையில் வேலை. காலை பஸ்ஸில் வருவான், வேலை முடித்துப் படம் பார்ப்பான், கடைசி பஸ்ஸில் ஊருக்குப் போவான். அவன்மேல் வீசும் யூரியா வாசனையை வைத்து தியேட்டர் இருட்டில்கூட அவன் எந்த வரிசையில் இருக்கிறான் என்று கண்டுபிடித்துவிடலாம்.

மூன்று பேருக்கும் படப் பைத்தியம். ஆனால் எது சிறந்த படம் என்பதில் மூன்று பேரும் மூன்று திசை. ஏழுமலைக்குச் சண்டைக்காட்சி கணக்கு. பாய்க்கு அழுகை வரவேண்டும். எனக்கு என்று ஒரு அளவுகோலும் கிடையாது. ஏதோ ஒரு பத்திரிகையில் 'கேமரா கோணம்' என்று படித்திருந்தேன். அதற்கு அர்த்தம் தெரியாது, ஆனாலும் எல்லாப் படத்துக்கும் அதைச் சொல்லி வாயை அடைப்பேன். ஒருமுறை சண்டை முற்றி ஏழுமலை பத்து நாள் கடைப்பக்கமே வரவில்லை.

அப்போதுதான் பாய்க்குச் சர்க்கரை என்று தெரிந்தது. தினமும் நடக்கச் சொன்னார்கள். பாய் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"படம் மூணு மணி நேரம். மலையச் சுத்தவும் மூணு மணி நேரம். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் காலைல ஒருத்தர் ஒரு படத்தோட கதைய சொல்லிக்கிட்டே வரணும். மத்த ரெண்டு பேரும் கேக்கணும். யாராவது நடுவுல வேற பேச்சு எடுத்துட்டா, அந்த எடத்தோட படம் அவுட்டு. எந்த லிங்கம் வரைக்கும் வந்துதோ அதான் அதோட ரேங்கு."

கிரிவலப் பாதையில் எட்டு லிங்கங்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இந்திரனில் தொடங்கினால் அக்னி, எமன், நிருதி என்று போய், ஏழாவதாகக் குபேரனைத் தாண்டி ஈசானியத்தில் முடியும். பாயின் திட்டத்தில் எனக்கு முதலில் ஒரே ஒரு சந்தேகம்தான். "பாய், நாங்க செருப்பு போடாம நடப்போம். நீங்க போட்டுக்கோங்க." அதற்கு அவர், "நீங்க ரெண்டு பேரும் வெறும் கால்ல வர, நான் மட்டும் டக்கு டக்குன்னு வந்தா கதை எப்படிப்பா காதுல விழும்?" என்று செருப்பைக் கழற்றிக் கடைக்குள் வைத்துப் பூட்டினார். இந்த ஊரில் எத்தனையோ தலைமுறையாக இருக்கிற குடும்பம் அவர்களுடையது. மலையைச் சுற்றிவர அவருக்கு யாரும் வழி சொல்லத் தேவையில்லை.

அந்தச் சோதனையில் விழுந்த படங்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஊரே காவியம் என்று கொண்டாடிய ஒன்று அக்னி லிங்கத்திலேயே படுத்தது. "அந்தப் பக்கம் மழ வரும்போல" என்று நான் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். ஏழுமலையின் உயிருக்குயிரான படம் எமலிங்கத்தில் போனது. அதை யாரும் கெடுக்கவில்லை. கதை சொல்லிக்கொண்டிருந்த அவனே எதிரே சைக்கிளில் வேர்க்கடலை மூட்டையோடு வந்த ஒருவரை நிறுத்தி மல்லாட்டை விலை கேட்டான். அன்றிலிருந்து சொதப்பலான படத்துக்கெல்லாம் எங்களிடம் 'எமலிங்கம்' என்றுதான் பெயர். பாதி வழிக்கு மேல் வரும் அடி அண்ணாமலை டீக்கடையைத் தாண்டிய படம் என்றால் பெரிய படம். அந்தக் கடை வடைக்கு முன்னால் எத்தனையோ கதாநாயகர்கள் தோற்றிருக்கிறார்கள்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நடிகர் முகம் கிடையாது, பாட்டு கிடையாது, போஸ்டர் கிடையாது. ஒரு ஆளின் வாயும் கதையும் மட்டும். இதைவிடக் கடுமையான தேர்வு எந்த நாட்டில் வைத்தார்கள் என்று காட்டுங்கள். கட்டிலில் படுத்துக்கொண்டு விரலால் தட்டி ஓட்டு போடுவதும், பதினான்கு கிலோமீட்டர் வெறுங்காலில் நடந்து ஓட்டு போடுவதும் ஒன்றா?

இப்போது என் படத்துக்கு வருகிறேன். பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் உடனே தேடுவீர்கள். இரண்டு பெரிய நடிகர்களின் படங்களுக்கு நடுவே இடைவெளி விழுந்ததால் தியேட்டரில் நான்கே நாள் ஓட்டினார்கள். ஒரு பெண் தன் சின்னப் பையனைப் பஸ் ஸ்டாண்டில் உட்காரவைத்து, 'பையப் பாத்துக்கோ, இதோ வந்துடறேன்' என்று சொல்லிவிட்டுப் போகிறாள். வரவேயில்லை. பையன் அங்கேயே வளர்கிறான். பெரியவனாகி அதே பஸ் ஸ்டாண்டில் மைக்கில் பஸ் நேரம் அறிவிக்கிற வேலைக்குச் சேர்கிறான். பல வருடம் கழித்து ஒரு வயதான அம்மா வந்து அங்கே சுற்றிச் சுற்றி வருகிறாள். இவனுக்குச் சந்தேகம். கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. கடைசியில் அவள் ஒரு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிடுகிறாள். டிரைவர் வண்டியைக் கிளப்புகிறார். இவன் மைக்கைக் கையில் எடுக்கிறான். வாயைத் திறக்கிறான்.

அரங்கில் விளக்கு எரிந்துவிட்டது. திரையில் தியேட்டர்க்காரர்களின் வணக்கம் ஸ்லைடைப் போட்டுவிட்டார்கள்.

சுற்றிலும் விசில், கெட்ட வார்த்தை. நாங்கள் மூவரும் எழுந்திருக்கவில்லை. "எவ்ளோ தைரியம் இருந்தா ஒருத்தன் இப்படி முடிப்பான்" என்றான் ஏழுமலை, சண்டையே இல்லாத ஒரு படத்தைப் பார்த்துவிட்டு. நான் கேமரா கோணத்தை விளக்கினேன். நான்கு நாளும் போனோம். அடுத்த ஞாயிறு பாய் கதை சொன்னார். எமன், நிருதி எல்லாம் தாண்டி, அடி அண்ணாமலையில் டீக்கடை இருந்ததையே நாங்கள் பார்க்கவில்லை. குபேர லிங்கத்தில் கதை முடிந்தது. அதுவரை எந்தப் படமும் அவ்வளவு தூரம் வந்ததில்லை. முதலிடம்.

பல மாதங்கள் அந்த முடிவின் துணிச்சலைப் பற்றி யாரைப் பார்த்தாலும் பேசினோம். லாட்ஜில் தங்க வந்த ஒருவரை நிற்கவைத்து அரைமணி நேரம் நான் பிரசங்கம் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு வெந்நீர் வருமா என்றார்.

பிறகு ஒருநாள் அந்தத் தியேட்டர் ஆபரேட்டர் கடிகாரத்துக்கு வார் மாற்ற பாய் கடைக்கு வந்தார். நாங்கள் விட்டோமா? அந்த முடிவைப் பற்றி ஆரம்பித்தோம். அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, தண்ணீர் கொடுக்கவேண்டியதாகிவிட்டது.

"முடிவா? கடைசிப் பெட்டியே வரலைங்க. பிலிம் பெட்டிய வேற ஊரு பஸ்ஸுல ஏத்திட்டானுங்க. இருக்கிறத ஓட்டுடான்னுட்டாரு மொதலாளி."

அந்த அவமானத்தை எப்படிச் சொல்வது. ஏழுமலைக்கு முகம் சிவந்துவிட்டது. "முடிவே பாக்காத படத்துக்கு முதலிடம் குடுத்திருக்கோம். வெளிய தெரிஞ்சா காறித் துப்புவாங்க. எடுத்துடலாம் பாய்." நானும் அவன் கட்சிக்குப் போய்விட்டேன், ஒப்புக்கொள்கிறேன். பாய் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. "ஞாயித்துக்கிழம வாங்க" என்றார்.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். பாயின் மூத்த மகன் அதற்கு இரண்டு வருடம் முன்பு அப்பாவிடம் அடி வாங்கிக்கொண்டு பம்பாய்க்குப் போய்விட்டான். அவன் பஸ் ஏறுகிறான் என்று ஒருவர் ஓடிவந்து சொன்னபோது பாய் கடையில்தான் இருந்தார். பஸ் ஸ்டாண்டு நடந்துபோகிற தூரம். பாய் எழுந்திருக்கவில்லை, கையில் இருந்த கடிகாரத்தை முடித்துக்கொண்டிருந்தார். நான் லாட்ஜ் வாசலில் நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு கடிதம்கூட இல்லை. இதைப் பற்றி அவர் எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

அந்த ஞாயிறு பாய் முதலிலிருந்து மறுபடி சொன்னார். ஏழுமலை படத்தைக் கவிழ்ப்பது என்ற முடிவோடு வந்திருந்தான். டீக்கடை நெருங்கியதும் வாயைத் திறந்தான். சரியாக அப்போது பாய், அந்த அம்மா பஸ் டிக்கெட்டை நாலாக மடித்துப் புடவைத் தலைப்பில் முடிந்துகொள்வதைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏழுமலை வாயை மூடிக்கொண்டான். குபேர லிங்கம் வந்தது. பாய் நிற்கவில்லை.

"மைக்க எடுத்தான். அம்மான்னு கூப்பிடல. 'இந்த பஸ்ஸு இன்னைக்குக் கெளம்பாது, எல்லாரும் எறங்கிடுங்க'ன்னான்."

சொல்லிவிட்டு நடுரோட்டில் நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் நடந்தார். ஜனங்கள் திட்டிக்கொண்டே ஒவ்வொருவராக இறங்குவதையும், கடைசி ஆளாக அவள் இறங்குவதையும், மைக் ரூம் ஜன்னல் பக்கம் வருவதையும் சொன்னார். ஈசானிய லிங்கம் வந்துவிட்டது. நான் அழுதுகொண்டிருந்தேன். ஏழுமலை வேறு பக்கம் பார்த்தபடி, "ஃபர்ஸ்ட்டுதான் பாய்" என்றான்.

"வெயில் ஜாஸ்தியாயிடுச்சு, நடங்கப்பா" என்றார் பாய்.

பாய் இப்போது இல்லை. மகன் வந்தான், பாய் மௌத்தான செய்தி கேட்டு. அவன் வந்து சேருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

இந்தக் கதையையெல்லாம் என்னிடம் கேட்டிருந்த திவ்யா முந்தாநாள் துள்ளிக்கொண்டு வந்தாள். அந்தப் படத்தை யாரோ முழுசாக இணையத்தில் ஏற்றியிருக்கிறார்களாம். கடைசிப் பெட்டியோடு. அவள் பார்த்தும்விட்டாள்.

"முடிவு என்னன்னா சார்..."

"சொல்லாத."

"பத்தே நிமிஷம்தான் சார். பாத்துட்டு அப்புறமா ரேங்க் குடுங்க. இப்ப நீங்க படத்துக்குக் குடுக்கல, பாய்க்குக் குடுக்கிறீங்க."

ஆமாம் என்றேன். குபேர லிங்கம் வரைக்கும் அந்த இயக்குநர் எடுத்தார், மீதியைப் பாஷா பாய் எடுத்தார். அதைப் பார்த்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். இரண்டு பேரும் முதலிடம் என்று சொன்னோம். உங்கள் பட்டியலில் எந்தப் படத்துக்காவது நூற்றுக்கு நூறு ஓட்டு விழுந்திருக்கிறதா? அந்தப் பத்து நிமிஷத்தை நான் பார்க்கப்போவதில்லை. பார்த்தால் அது வந்து பாய் சொன்னதன்மேல் உட்கார்ந்துகொள்ளும், பிறகு எழுப்ப முடியாது. திவ்யா என்னைப் பாவமாகப் பார்த்தாள். பார்க்கட்டும்.

தியேட்டரை இடித்துவிட்டார்கள், பௌர்ணமிக்கு அங்கே வெளியூர் வண்டிகள் நிற்கின்றன. மாடிப்படிக்குக் கீழே கைபேசிக்கு உறை விற்கிறார்கள். கிரிவலப் பாதையில் கடைக்குக் கடை ஒலிபெருக்கி, பக்கத்தில் வருகிறவன் கத்தினாலும் கேட்காது. இதற்கெல்லாம் நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன். போனால் போகட்டும், படம் என்னிடம் இருக்கிறது என்ற திமிரில்தான் இத்தனை வருடமாக இருந்தேன்.

நேற்று ஏழுமலைக்குப் போன் செய்தேன். இப்போது சென்னையில் மகள் வீட்டில் இருக்கிறான். விஷயத்தைச் சொன்னேன். என்னைவிட அவனுக்குக் கோபம் வந்தது. "நீ பாக்காத, நானும் பாக்கமாட்டேன். பாய் சொன்னத விடவா எடுத்திருக்கப் போறான்? மைக்க எடுத்து, 'கடைசி சீட்டுல இருக்கிற அம்மா, உங்க பை இங்க பத்திரமா இருக்குது, வந்து வாங்கிக்குங்க'ன்னு சொன்னானே, அதுக்கு மேல என்னா இருக்குது?"

"பையா? பஸ்ஸு கெளம்பாதுன்னுதான்டா பாய் சொன்னாரு."

"யோவ், நான் அவர ஒட்டி நடந்தவன். பைதான்."

அரைமணி நேரம் சண்டை போட்டோம், அந்தக் காலத்தில் போட்டதுபோலவே. அவன் விட்டுக்கொடுக்கவில்லை, நானும் விட்டுக்கொடுக்கவில்லை, இனியும் கொடுக்கமாட்டேன். போனை வைத்த பிறகு, 'உங்க பை இங்க பத்திரமா இருக்குது' என்று ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். அதுவும் பாயின் குரலில்தான் கேட்டது.