மூன்று முறை கழன்ற மர ஆணி

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள். எனக்குக் கதை கட்டத் தெரியாது. வீடு கட்டத்தான் தெரியும், அதுவும் அரைகுறையாக. இது நடந்தது பட்டப்பகலில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னார்களோ! என் வீட்டில் அது மூன்று நாளும் சரியாக 3.40க்கு வந்தது.

நானும் என் மனைவியும் சொந்தக் கையால் மரச்சட்ட வீடு ஒன்றைக் கட்டத் தொடங்கினோம். தூணும் உத்தரமும் மரம். சட்டத்தில் இரும்பு ஆணி ஒன்றுகூடக் கிடையாது. உத்தரத்தின் முனையை நாக்குப் போலச் செதுக்கி, தூணில் வெட்டிய குழிக்குள் செருக வேண்டும். பக்கவாட்டில் துளை போட்டு ஒரு மர ஆணியை அடித்தால் நாக்கு வெளியே வராது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இதே வேலையாக இரண்டு வருடம் ஓடியது.

ஆணி அடிப்பது அவள் பொறுப்பு. தரையில் பொருத்திப் பார்க்கும்போதுகூட வேறு யாரையும் தொடவிட மாட்டாள். கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் மூன்றே தட்டு. டொக்... டொக்... டொம்! முதல் இரண்டும் மெதுவாக, மூன்றாவது ஓங்கி. அடித்து முடித்ததும், "உக்காந்துட்டாரு" என்பாள், விருந்தாளிக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தவள் மாதிரி. செதுக்கி முடித்த ஒவ்வொரு நாக்கிலும் பென்சிலால் தேதி எழுதிவைப்பாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒருநாள் அவள் ஒரு மரத்தில் துளையைத் தப்பான பக்கத்தில் போட்டுவிட்டாள். எங்களுக்கு வேலை சொல்லித்தர வந்த தச்சர் நிற்கிறார் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன்.

"கண்ண எங்க வச்சிருந்த? ஒரு முழு மரம் போச்சு!"

அவள் குனிந்து மரத்தூளைக் கையால் கூட்டி அள்ளினாள்.

ஐந்து மாதம் கழித்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். அவ்வளவுதான்... போய்விட்டாள்.

மரங்கள் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. எனக்கு அந்தப் பக்கம் போகவே பிடிக்கவில்லை. பத்து வயது மகள்தான் கேட்டாள். சிட்டு என்று கூப்பிடுவோம்.

"அம்மா வெட்டுன மரமெல்லாம் வீணாப் போயிடுமாப்பா?"

அந்தக் கேள்விக்காகவே திரும்ப ஆரம்பித்தேன். தச்சரும் எட்டு ஆட்களும் வந்து சட்டத்தை நிறுத்திக் கொடுத்தார்கள். உத்தரங்களுக்குக் கீழே தற்காலிகமாக முட்டுக் கம்புகள் நின்றன. சனிக்கிழமை கூரை ஏற்றிவிட்டு முட்டுகளை எடுக்க வேண்டும். மூலையில் இருந்த ஏழாம் உத்தரத்தின் மேல் ஒரு பரண். சிட்டு படுக்கப்போகும் இடம் அது.

புதன்கிழமை. தனியாக இழைத்துக்கொண்டிருந்தேன். எங்கோ தட்டும் சத்தம். மணி பார்த்தேன், 3.40. போய்ப் பார்த்தால் ஏழாம் உத்தரத்தின் மர ஆணி தரையில் கிடந்தது. தச்சருக்குப் போன் செய்தேன்.

"பச்சை மரம் சார். காயும்போது தள்ளும். திரும்ப அடிச்சு விடுங்க."

அடித்தேன்.

வியாழன், 3.40. மறுபடியும் தரையில். ஆணியில் ஒரு கீறல்கூட இல்லை. எனக்குச் சிட்டு மேல் சந்தேகம். மாலையில் கூப்பிட்டு அதட்டினேன்.

"நான் இல்லப்பா... நான் ஸ்கூல்லதானே இருந்தேன்."

உண்மைதான். அவள் பள்ளி விடுவதே நாலரைக்கு. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

அன்று ஆணிக்குப் பசை தடவி, கை வலிக்க அடித்து இறக்கினேன்.

வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்தே மழை. சட்டத்தின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தேன். மறுநாள் கூரை. 3.30க்கே அந்தத் தூணுக்கு எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். எவனாவது விளையாடினால் கையும் களவுமாகப் பிடிப்போம் என்று நினைப்பு.

3.38. மழைச் சத்தம் மட்டும்.

3.39. மழை நிற்கவில்லை... ஆனால் அதன் சத்தம் நின்றுவிட்டது.

3.40.

டொம்!

தூணுக்குப் பின்னாலிருந்து.

டொக்...

டொக்...

அதே மூன்று தட்டு. ஆனால் தலைகீழாக. ஓங்கியது முதலில், மெதுவானவை பிறகு.

வெளியே ஓடினேன். தூணுக்குப் பின்னால் யாரும் இல்லை. ஈரச் சேற்றில் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

உள்ளே வந்தேன்.

ஆணி ஒரு விரல் அளவு வெளியே நின்றது.

நான் பார்க்கப் பார்க்க...

மெதுவாக...

விழுந்தது. உருண்டு வந்தது. என் கால் விரலில் தட்டி நின்றது.

புதிய மரத்தூள் வாசனை வந்தது. அன்று யாரும் மரம் அறுக்கவே இல்லை.

பயம் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிட அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை கூரை ஏற்றவில்லை. அந்த இணைப்பைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். தச்சர் முணுமுணுத்துக்கொண்டே ஏழாம் உத்தரத்தைக் கழற்றினார். நாக்கை லேசாகத் தட்டியதும் அது தனியாகப் பிய்ந்து அவர் கையில் வந்தது.

நாக்கு செதுக்க மரத்தில் இரண்டு கோடு போடுவோம். முனைக் கோட்டில் முழுதாக அறுக்க வேண்டும், உள்கோட்டில் ஓரங்களை மட்டும். அவள் கோடு மாறி உள்கோட்டிலேயே முழுதாக அறுத்துவிட்டிருந்தாள். விழுந்த துண்டைச் செதுக்கிப் பசையால் ஒட்டி வைத்திருந்தாள். ஒட்டின இடம் வெளியே தெரியவே இல்லை.

"முட்டுக் கம்ப எடுத்திருந்தா பரணோட கீழ வந்திருக்கும் சார்" என்றார் தச்சர்.

ஒட்டிய துண்டில் பென்சில் தேதி இருந்தது. நான் அவளிடம் கத்தியதற்கு மறுநாள்.

தச்சர் தூணின் துளைக்குள் கம்பி விட்டுப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"சார்... ஆணி தானா கழண்டுச்சா? இது மழை படுற மூலைன்னு இந்த ஒரு துளைய மட்டும் நான் பாதியோட நிறுத்திட்டேன். பின்னாடி ஓட்டையே கிடையாது. பின்னாலிருந்து தட்டி எடுக்கவே முடியாது."

அன்று மாலை சிட்டுவிடம் அந்தத் துண்டைக் காட்டினேன். அவள் அதைத் தொடவில்லை.

"எனக்குத் தெரியும்பா. அம்மா என்கிட்ட மட்டும் சொன்னாங்க. அப்பா நல்ல மூடுல இருக்கும்போது நானே சொல்லிடறேன்னாங்க."

என் மனைவி ஐந்து மாதம் காத்திருந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் பதினோரு நாளும், "ஏங்க..." என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்து, "ஒண்ணுமில்ல" என்று முடிப்பாள். செத்த பிறகும் வந்து வாய் திறந்து சொல்ல அவளுக்குப் பயமாக இருந்திருக்கிறது. ஆணியை மட்டும் கழற்றிப் போட்டாள்.

புது உத்தரம் வைத்தோம். ஆணியைச் சிட்டு அடித்தாள். அது அசையவில்லை. அந்தச் சத்தமும் பிறகு கேட்கவில்லை.

ஆனாலும் தினமும் 3.40க்கு வேலையை நிறுத்திவிட்டு அந்தத் தூணுக்கு எதிரில் உட்காருகிறேன். முகத்தில் கோபம் துளியும் இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன்.

அவளுக்கு இன்னும் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கலாம்.