சென்சாருக்குச் சந்தனம்

ஒரு நல்ல மனிதரை அவர் கடை வாசலில் வைத்தே ஏமாற்றுக்காரன் என்று சொல்லியிருக்கிறேன். கோபத்தில் வாய் தவறிவிட்டது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அந்த வாக்கியத்தை வழியெல்லாம் திருத்தித் திருத்தி ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

அவர் ஜீவனஹள்ளியில் கார் மெக்கானிக். இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்த புதிது. என் கார் கார்புரேட்டர் போய் கம்ப்யூட்டர் வைத்து வந்த ரகம். அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் புத்தகத்தில் படித்தது. அவருக்குத் தெரிந்தது கை வைத்துத் தெரிந்தது. இதில் என் கைதான் ஓங்கியிருக்கிறது என்று நான் நினைத்த காலம் அது.

அந்த மழைக்காலத்தில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைய ஆரம்பித்தது. சூடானால் நிற்கும், ஆறினால் கிளம்பும். கிராங்க் சென்சார் போய்விட்டது என்றார் அவர். எஞ்சினின் முக்கியத் தண்டோடு ஒரு பற்சக்கரம் சுற்றுகிறது. அதன் அருகே கட்டைவிரல் அளவில் காந்தம் வைத்த ஒரு துண்டு உட்கார்ந்து, கடந்து போகிற பற்களை எண்ணுகிறது. ஓரிடத்தில் மட்டும் வேண்டுமென்றே பல் வைக்காமல் விட்டிருப்பார்கள். அந்த இடைவெளி வரும்போதுதான் தண்டு எங்கே நிற்கிறது, எப்போது பெட்ரோல் விடுவது, எப்போது பொறி தட்டுவது என்று கம்ப்யூட்டருக்குப் புரியும். எண்ணுகிறவன் வாயை மூடினால் வண்டி அங்கேயே நின்றுவிடும்.

"இதுக்கு மெயின்டெனன்ஸ் என்ன?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல சார். ஈரம், அழுக்கு படாம இருந்தா போதும். சும்மா விட்டாலே நல்லா இருக்கும்."

புதியதை மாட்டி, பழையதைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தார். எந்த வண்டிக்கு எதை மாற்றினாலும் பழையதை உடையவரிடம் கொடுத்துவிடுவது அவர் வழக்கம்.

சும்மா விடுவது மட்டும் எனக்கு வராது. ஆயுத பூஜை வந்தது. மனைவி பானெட்டுக்குச் சந்தனம் பூசி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். உள்ளே ஒருவன் ராப்பகலாகப் பல் எண்ணிக்கொண்டிருக்க, வெளியே தகரத்துக்கு மரியாதையா என்று எனக்குத் தோன்றியது. பானெட்டைத் திறந்து சென்சார் ஒயரின் பிளக்கைக் கழற்றினேன். உள்ளே குண்டூசி போல மெல்லிய பின்கள். அவற்றுக்கு ஈரச் சந்தனம், அதன்மேல் தாராளமாகக் குங்குமம்.

"அங்க போய் எதுக்குங்க வைக்கிறீங்க?" என்றாள்.

"உனக்கு அதெல்லாம் புரியாது."

பிளக்கைத் திரும்பச் செருகினேன். வண்டி கிளம்பியது. பூசணிக்காய் உடைத்தோம்.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை ஓசூர் ரோட்டில், ஹெப்பகோடிக்குக் கொஞ்சம் முன்னால், வண்டி அணைந்தது. எங்கள் ஆபீஸ் பஸ் பக்கத்தில் ஊர்ந்து போனது. ஜன்னலுக்கு ஒரு முகமாக என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள். கால் மணி நேரத்தில் வண்டி தானாக உயிர் பெற்றது. என் மானம் பெறவில்லை. மத்தியானம் ஆபீஸ் கேன்டீனில் தீர்ப்பு வழங்கினேன்.

"பழசையே துடைச்சு மாட்டிட்டு, வேற எவன் வண்டியோட பழசையோ என் கையில குடுத்திருக்கான். இனிமே யாரும் அங்க போகாதீங்க."

அந்த மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஐந்து பேருடைய வண்டிகளும் அவரிடம்தான் போய்க்கொண்டிருந்தன.

சனிக்கிழமை அவர் கடைக்கே போய், வேறு இரண்டு பேர் வண்டிக்காகக் காத்திருக்கும்போது, ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன். அவர் முகம் கறுத்தது. கையைத் துடைத்துக்கொண்டார்.

"இருங்க சார், பாத்துடலாம்."

குனிந்து பிளக்கை உருவினார். அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்த இரண்டு பேருக்கும் தெரியாதபடி முதுகைத் திருப்பி நின்றுகொண்டு, மெதுவாக என்னைக் கூப்பிட்டார். பிளக்குக்குள் செக்கச்செவேல் என்று இருந்தது. பின்களில் பச்சைக் களிம்பு.

"குங்குமமா சார்?"

"ஆமா."

"நம்ம கடையிலயும் பூஜை போடுவோம் சார்," என்றார் தாழ்ந்த குரலில். "பானெட்டுக்கு மேல வெப்போம்."

பின்களைப் பிரஷ்ஷால் தேய்த்து, ஸ்பிரே அடித்து, காற்றுப் பிடித்து உலர்த்தி, 'டிக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்திச் செருகினார். காத்திருந்தவர்களில் ஒருவர் என்ன விஷயம் என்று கேட்டார். "பிளக்ல ஈரம் இறங்கியிருக்கு, மழை இல்ல?" என்றார்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். தேங்க்ஸ் என்றுதான் வந்தது.

"ஆபீஸ்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா சார்?" என்று கேட்டார். எப்போதும் கேட்கிற கேள்விதான். அன்றைக்கு என்னால் அவர் முகத்தைப் பார்த்துத் தலையாட்ட முடியவில்லை.

திங்கட்கிழமை அதே கேன்டீன், அதே ஐந்து பேர். சந்தனம், குங்குமம், எனக்காக அவர் சொன்ன மழைப் பொய், ஒன்றையும் விடாமல் சொன்னேன். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, "தப்பு முழுக்க என்னோடது. தயவுசெஞ்சு பழையபடி எல்லாரும் அவர்கிட்டயே போங்க," என்றேன்.

ஐவரில் ஒருவரான அக்கவுன்ட்ஸ்காரர் தயிர்சாதத்திலிருந்து தலை தூக்கவில்லை.

"நாங்க எப்ப நிறுத்தினோம், குரு? வெள்ளிக்கிழமைகூட என் வண்டி அங்கதான் இருந்தது. அவரையும் எங்களுக்குத் தெரியும், உன்னையும் தெரியும்."