தூரத்தில் விழுந்த வாத்து

நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை, அதிகாலை நாலு மணி. கனடாவின் ஸ்காபரோவில், டோர்செட் பார்க் பகுதியில் எங்கள் தொடர்மாடிக் கட்டடத்தின் நிலக்கீழ்க் கார் தரிப்பிடத்துக்கு நான் இறங்கி வந்தபோது நேசன் காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். நான் என் மகனின் பனிக்காற்சட்டைக்குள்ளும் கணவரின் மழை அங்கிக்குள்ளும் இருந்தேன். தலையில் இரண்டு கம்பளித் தொப்பி. ஒரு கையில் தேநீர்ப் போத்தல், மற்றக் கையில் முட்டை ரோல்ஸ் பெட்டி. அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"அக்கா, உங்களைக் கண்டால் வாத்து சிரிச்சே செத்துப்போயிடும்."

"நல்லதுதானே. உனக்குத் தோட்டா மிச்சம்" என்றேன்.

நேசன் எங்களுக்கு மூன்று மாடி மேலே குடியிருப்பவன். யாழ்ப்பாணத்தான். நான் மட்டக்களப்பு, ஆனால் இருபத்தைந்து வருட ஸ்காபரோ வாசத்தில் என் பேச்சும் அவனுடையதைப்போல ஆகிவிட்டது என்று ஊரிலிருக்கும் என் தங்கை தொலைபேசியில் குறைசொல்வாள். ஒஷாவாவில் பள்ளிக்கூட பஸ்களை நிறுத்தும் யார்ட் ஒன்றில் அவன் மெக்கானிக். ஐந்து வருடத்துக்கு முன் அங்கே பஸ் ஓட்டும் ஒரு பெண்மணி மூலம் வாத்து வேட்டைப் பழக்கம் அவனைப் பிடித்தது. அதற்காக வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, துவக்கு வைத்திருக்கவும் வேட்டையாடவும் அனுமதி எடுத்தான். அவன் மனைவி சாந்தி மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடாதவள்; வாத்தைத் தன் குசினிக்குள் விடமாட்டாள். ஆகவே ஒவ்வொரு இலையுதிர்காலமும் வாத்துகளோடு என் கதவைத் தட்டுவான். நான் வீட்டில் இருந்தபடி ஓடருக்குச் சமைத்துக் கொடுப்பவள். வேட்டை இறைச்சியை விற்கக்கூடாது என்பது இங்கே சட்டம். அதனால் அந்தக் கறியை, சாந்தி நீங்கலாக, இரண்டு வீட்டாருமே சாப்பிட்டுவிடுவோம்.

இந்த வருடம் முதல் வாத்தைக் கொண்டுவந்தபோது நான் கையை நீட்டவில்லை. ஆண் வாத்து, கழுத்து பச்சைப் பட்டுப்போல மின்னியது. அதன் கண் பாதி திறந்திருந்தது. பிளாசாக் கடைகளில் உறையவைத்த வாத்து பெட்டி பெட்டியாகக் கிடக்கும்போது இதை ஏன் சுடுகிறாய் என்று கேட்டேன். "ஒருநாள் வந்து பாருங்கோ அக்கா. அதுக்குப் பிறகும் வேண்டாமெண்டு சொன்னியளெண்டால், நான் கொண்டுவாறதை விடுறன்" என்றான்.

அதற்காகத்தான் இந்தப் பயணம். வேண்டாம் என்று சொல்வதற்கு முக்கால்வாசி முடிவெடுத்துக்கொண்டுதான் காரில் ஏறினேன்.

நானூற்றொன்று நெடுஞ்சாலையில் கிழக்கே போனோம். அந்த நேரத்திலும் பாரவண்டிகள் வரிசையாக ஓடின. ஒஷாவாவுக்கு நாற்பத்தைந்து கிலோமீற்றர். கார்கள் குறைவாக இருந்தபடியால் அரை மணிக்கூற்றில் போய்விட்டோம். டொனாவின் வீட்டு வாசலில் படகு பூட்டிய பிக்கப் வண்டி இயங்கிக்கொண்டு நின்றது. நேசனுக்கு வேட்டை பழக்கிய பஸ் சாரதி இவர்தான். அறுபத்தைந்து வயதிருக்கும். என்னைவிட ஒரு சாண் குள்ளம். என் கோலத்தைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆள் அவர்தான். உள்ளே போய், மார்பு வரை வரும் றப்பர் காற்சட்டை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். அவருடைய கறுப்பு லாப்ரடோர் நாய் பெப்பர் என் ரோல்ஸ் பெட்டியை மணந்து பார்த்துவிட்டு, அன்று முழுவதும் என்னை விட்டுப் பிரியாமல் இருப்பதென்று தீர்மானித்தது.

அங்கிருந்து வடக்கே முப்பது கிலோமீற்றரில் ஸ்குகொக் ஏரி. இருட்டில் ஏரி தெரியவில்லை, மணந்தது. சேறும் அழுகிய புல்லும் கலந்த அந்த மணம் எனக்குப் புதிதல்ல. மட்டக்களப்பு வாவிக்கரையில் பிறந்தவளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வாவி ஒருநாளும் என் விரல்களை இப்படி விறைக்க வைத்ததில்லை.

ஆறு மணிக்கு நாங்கள் படகில் ஏறி, சம்புப்புல் ஆளுயரம் வளர்ந்த சதுப்புக்குள் போனோம். டொனாவும் நேசனும் பிளாஸ்டிக் வாத்துகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் மிதக்கவிட்டார்கள். அவற்றைக் கண்டு உண்மை வாத்துகள், இது நல்ல இடம்போல என்று நம்பி இறங்குமாம். ஒன்றுக்கு மட்டும் பற்றரியில் சுழலும் செட்டை இருந்தது. பிறகு படகைப் புல்லுக்குள் செருகி, பலகையும் வலையும் கட்டிய ஒரு மறைப்புக்குள் உட்கார்ந்தோம். உள்ளே ஐந்து பேர் இருக்கக்கூடிய ஒரு வாங்கு, நீளமான பலகை இருக்கை.

சூரியன் உதிக்க அரை மணி நேரத்துக்கு முன்புதான் சுடத் தொடங்கலாம். அதுவரை காத்திருக்கவேண்டும். தேநீரை ஊற்றிக் கொடுத்தேன். டொனா ஒரு ரோல்ஸைக் கடித்து, கண்ணை மூடி, இன்னொன்றுக்குக் கையை நீட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கதை சொன்னார்.

அந்த வாங்கு அவருடைய அப்பா செய்தது. அப்பா கார்த் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அவரும் நாலு கூட்டாளிகளும் மரத்தில் செதுக்கிய பொய் வாத்துகளோடு வருவார்கள். தொழிற்சாலை ஆட்களை நிறுத்திவைத்த குளிர்காலங்களில் வீட்டில் இறைச்சி என்றால் இந்த ஏரியின் வாத்துதான். பெண்களுக்கு வாங்கில் இடமில்லை. டொனாவின் வேலை இறகு பிடுங்குவது. ஒரு தடவை கூட்டாளி ஒருவர் காலை முறித்துக்கொண்டதால் வெற்றிடம் வந்தது. அதில் போய் உட்கார்ந்த டொனா பிறகு எழும்பவேயில்லை.

இப்போது எல்லாம் மாறிவிட்டது என்றார். அந்தக் காலத்தில் தோட்டாவுக்குள் ஈயச் சன்னம், சின்னச் சின்னக் குண்டுகள். குறி தப்பியதெல்லாம் ஏரியின் அடியில் கிடக்க, அதை இரை அரைக்கும் கல்லென்று விழுங்கிய வாத்துகள் நஞ்சேறிச் செத்தன. இன்று ஈயத்துக்குத் தடை, உருக்குச் சன்னம்தான். துவக்கில் மூன்று தோட்டாக்களுக்குமேல் போடமுடியாது. ஒருவருக்கு நாளுக்கு ஆறு வாத்து. காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்பதை அப்பா பகல் முழுக்க வானத்தைப் பார்த்து அறிந்தார். நேசன் கைத்தொலைபேசியைப் பார்க்கிறான். இறைச்சிக்காக வருகிறவரும் இல்லை. தோட்டாப் பெட்டி ஒன்றே முப்பது டொலருக்கு மேல். பெற்றோலையும் படகையும் சேர்த்தால் ஸ்காபரோவிலேயே விலை கூடிய கறி என்னுடையதாகத்தான் இருக்கும் என்று டொனா சிரித்தார். அப்பாவின் கூட்டாளிகளில் ஒருவரும் இன்று இல்லை. டொனாவின் பிள்ளைகளுக்கு விருப்பமில்லை. ஐந்து பேர் வாங்கில் இரண்டு வருடம் நாயோடு தனியே இருந்தாராம். பிறகுதான் பஸ்ஸின் பிறேக்கைத் திருத்த வந்த நேசன், முன்னிருக்கையில் கிடந்த, வாத்துபோலக் கத்தி வாத்தைக் கூப்பிடும் வாத்து ஊதியை எடுத்து ஊதிப் பார்த்தான்.

"நான் ஊதின சத்தத்துக்கு வாத்து வராது, பொலிசுதான் வரும் எண்டு சொன்னவ" என்றான் நேசன்.

வானம் சாம்பல் நிறமானது. புல்லுக்குள் ஏதேதோ விழித்தன. எனக்குத் தெரியாத சத்தங்கள். ஆனால் ஒன்று மட்டும் தெரிந்தது. தலைக்கு மேலே சீலையைக் கிழிப்பதுபோல ஒரு சர்ர்ர். அது காற்றைக் கிழிக்கும் செட்டைகள். எங்கள் வாவிக்கு மார்கழியில் வந்திறங்கும் வாத்துக் கூட்டமும் இப்படித்தான் கேட்கும். அவை இவைதானோ என்று நேசனைக் கேட்டேன். இல்லை அக்கா, அவை வேறு பாதை, இவை அமெரிக்காவின் தெற்குக்குப் போகிறவை என்றான். சரி. எங்களுக்கு அவை வந்து சேருகிற பறவைகள். இந்த ஊராருக்கு விட்டுப்போகிற பறவைகள். அதை அன்றுவரை நான் யோசித்ததில்லை.

முதல் வெடி டொனாவுடையது. அது வரும் என்று தெரிந்தும் நான் வாங்கிலிருந்து இறங்கிப் மறைப்பின் தரையில் குந்திவிட்டேன். மூளை கனடாவில் இருக்க உடம்பு மட்டும் சண்டைக்காலத்து ஊருக்குப் போய்வந்தது. நேசன் என்னைப் பார்த்தான். தனக்கும் முதல் வருடம் அப்படித்தான் என்று பிறகு சொன்னான். பெப்பர் நீந்திப் போய், ஒரு சின்ன வாத்தை முட்டையைக் கவ்வுவதுபோலக் கவ்விக்கொண்டு வந்தது. நான் மெல்ல எழுந்து உட்கார்ந்தேன். இரண்டாவது வெடிக்குக் கண்ணை மட்டும் மூடினேன். மூன்றாவதற்கு நேசன் சுட்டுத் தவறியதைப் பார்த்துச் சிரித்தேன். நாலாவதற்கும் சிரித்தேன்.

ஒருவேளை என் சிரிப்புத்தான் அவனைச் சுட்டதோ தெரியாது. எட்டு மணிபோல ஒற்றை ஆண் வாத்து வெகு தள்ளிப் பறந்தது. டொனா துவக்கைத் தூக்கவே இல்லை. நேசன் எழுந்து சுட்டான். வாத்து ஒரு பக்கம் சரிந்து, செட்டையை அடித்தபடி தூரத்துச் சம்புப்புல்லுக்குள் விழுந்தது. உயிரோடு விழுந்தது. அது எனக்கே தெரிந்தது.

நேசன் மகிழ்ச்சியோடு திரும்பினான். டொனாவின் முகத்தைக் கண்டதும் அது அணைந்துபோனது. அவர் கத்தவில்லை. தன் துவக்கிலிருந்த தோட்டாக்களைக் கழற்றினார். அவனுடையதையும் கழற்றச் சொன்னார். உருக்கு ஈயத்தைவிட இலேசு, அந்தத் தூரத்துக்குக் கொல்லும் பலம் இருக்காது, காயப்படுத்தத்தான் போதும் என்று எனக்கு விளக்கினார். அப்பாவின் ஆட்கள் எல்லாத் தூரத்திலும் சுடுவார்களாம், விழுந்தது விழட்டும் என்று விட்டுவிடுவார்களாம். "என் வாங்கில் அது கிடையாது. அதைக் கண்டுபிடிக்கும்வரை இன்று வேட்டை இல்லை" என்றார்.

படகைத் தடியால் ஊன்றி ஊன்றித் தேடினோம். நேசன் இடுப்பளவு சேற்றில் இறங்கிப் புல்லை விலக்கினான். நாய் போகும், வெறும் வாயோடு வரும். அந்த நேரம் பார்த்துக் காற்றுத் திரும்பியது. வாத்துகள் கூட்டம் கூட்டமாக வந்து எங்கள் பிளாஸ்டிக் வாத்துகளுக்கு நடுவே தாராளமாக இறங்கின. வருடத்துக்கு ஒருதரம் கிடைக்கும் காலை என்றார் டொனா. அதற்குப் பிறகும் ஒருவரும் துவக்கைத் தொடவில்லை. நான் படகில் இருந்து இறங்கி நேசனுக்குப் பக்கத்தில் புல்லை விலக்கத் தொடங்கினேன். சுடுவது ஏன் என்று கேட்க வந்தவள், சுட்டது கிடைக்கவேண்டுமே என்று தவித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணிக்கூற்றுக்கு மேல் போயிருக்கும். நீரெலி கட்டிய புல்மேடு ஒன்றின் முன்னால் பெப்பர் அசையாமல் நின்றது. டொனா குனிந்து கையை விட்டு அதை எடுத்தார். ஒரு செட்டை தொங்கியது. கண் முழுதாகத் திறந்திருந்தது. அவர் அதை நேசனிடம் நீட்டினார்.

இதுவரை காயப்பட்ட பறவைகளை டொனாதான் முடிப்பாராம். நேசன் என்னைப் பார்த்தான். "அக்கா, எனக்கு உது ஏலாது" என்றான்.

ஊரில் நான் எத்தனையோ கோழி உரித்தவள். கனடாவில் கோழி தட்டத்தில் வருகிறது. கை மறந்திருக்கும் என்று நினைத்தேன், மறக்கவில்லை. வாத்தை வாங்கி, இரண்டு செட்டைகளையும் உடலோடு சேர்த்து நெஞ்சில் அணைத்தேன். அது அடங்கியது. இதயம் என் விரலில் அடித்தது.

"நான் பிடிக்கிறன். செய்ய வேண்டியது நீதான்" என்றேன். "கெதியாய்ச் செய். யோசிச்சால் அதுக்குத்தான் நோகும்."

அவன் செய்தான். டொனா காட்டித் தந்தபடியே, ஒரே முறுக்கில். பிறகு அந்தக் குளிர் தண்ணீரில் வெகுநேரம் கையைக் கழுவினான். டொனா அவன் தோளில் தட்டி, இன்றைக்கு உன் துவக்கு உறையிலேயே இருக்கட்டும் என்றார். அவன் ஓம் என்று தலையாட்டினான்.

இதோடு அவன் முகம் தொங்கிவிடும், திரும்பிப் போகும் வழி முழுக்கத் துக்கம்தான் என்று நினைத்தேன். நடந்தது வேறு. வாங்குக்குத் திரும்பியதும் டொனாவுக்காக வாத்து ஊதியை ஊதத் தொடங்கினான். இரண்டு வாத்துகள் உண்மையாகவே வளைந்து திரும்பி வந்தன. என் தோளைப் பிடித்து உலுக்கினான், "பாத்தியளோ, என்ர கதையைக் கேட்டு வருதுகள்." துவக்குடன் இருந்தபோது அவன் இப்படிச் சிரிக்கவில்லை. டொனா சுட்டார், பெப்பர் ஓடியது, நேசன் ஊதினான், நான் கடைசி ரோல்ஸை நாலாகப் பிய்த்துப் பங்கிட்டேன். வெயில் ஏறி ஏரி முழுவதும் வெள்ளித் தகடாக ஆனது.

"அண்டைக்குக் கேட்டியள், ஏனெண்டு" என்றான் திடீரென்று. "இந்த நாட்டில எனக்கு நானூற்றொண்டு தெரியும், கென்னடி ரோட்டு தெரியும். நவம்பர் மாதம் எப்பிடி விடியுமெண்டு இஞ்ச வந்தாப்பிறகுதான் தெரிஞ்சுது."

மதியம் ஒஷாவாவில் டொனாவின் கராஜில் மூவரும் இறகு பிடுங்கினோம். என் வேகத்தைப் பார்த்து, அப்பா இருந்திருந்தால் உன்னை வாங்கில் ஏற்றியே இருக்கமாட்டார், இங்கேயே வைத்திருப்பார் என்றார் டொனா. ஒரு நெஞ்சுத் துண்டை வெண்ணெயில் வாட்டித் தந்தார். மிளகு போதாது. ஆனால் இறைச்சியில் அந்தச் சதுப்பின் மணம் இலேசாக இருந்தது. என் கறியில் நான் அதை ஒருநாளும் கண்டதில்லை. வெங்காயமும் தூளும் போட்டு அடக்கிவிட்டிருந்தேன். விடைபெறும்போது அடுத்த சனியும் வாங்கில் இடம் இருக்கிறது என்றார். இருவருக்கும் பொதுவாகத்தான் சொன்னார். ஆனால் நேசனைப் பார்த்துச் சொன்னார். அவன் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

திரும்பும் வழியில் வாகன நெரிசல். எழுபத்தைந்து கிலோமீற்றர் தூரத்தில் அப்படி ஒரு ஏரி கிடக்க, இருபத்தைந்து வருடம் பிளாசாவுக்கும் கோயிலுக்கும் வீட்டுக்கும் இடையில் ஓடியிருக்கிறேன். ஊரில் வாவி வீட்டின் பின்பக்கக் கோடிக்குள் இருந்தது. இங்கே அதைத் தேடிப் போகவேண்டியிருக்கிறது, விறைக்கவேண்டியிருக்கிறது. அந்த வித்தியாசம் எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை.

கட்டடத்துக்குள் நுழைந்தபோது லிஃப்டில் இருந்த ஒரு குடும்பம் எங்கள் மணத்துக்கு ஒதுங்கி நின்றது. என் மாடி வந்தது. நேசன் கதவைக் கையால் மறித்துக்கொண்டு, வாத்துப் பையை நீட்டாமலும் பின்னுக்கு எடுக்காமலும் நின்றான்.

"அப்ப அக்கா, இந்த வருஷம் கொண்டு வரலாமோ?"

நானே கையை நீட்டிப் பையை வாங்கினேன்.

"கிட்டச் சுட்டதெண்டால் கொண்டு வா" என்றேன்.