அருளம்பலம் அங்கிளின் நீதி

அருளம்பலம் அங்கிள் இறந்துவிட்டார் என்ற செய்தி திங்கட்கிழமை காலை வந்தது. நான் வேலை செய்யும் பல்கலைக்கழக மாணவர் விடுதியின் அலுவலகத்தில் தட்டெழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. செத்தவீடு முடிந்த பிறகு அவர் மனைவி, எங்கள் அன்ரி, என் கையைப் பிடித்து, "நினைவு மலருக்கு நீர்தான் எழுத வேணும் பிள்ளை" என்றார். மறுக்க முடியவில்லை. ஆகவே, அவரை அறிந்த மெல்பேர்ண் தமிழர்களே, நான் அறிந்ததை எழுதுகிறேன்.

சனிக்கிழமைகளில் அவர் வீட்டு வடையைத் தின்றபடி நாமெல்லாம் கேட்ட பேச்சு உங்களுக்கு மறந்திருக்காது. இலங்கையில் தமிழ் மாணவருக்கு வெட்டுப்புள்ளியைக் கூட்டிய தரப்படுத்தல் வந்து, கூடிய புள்ளி எடுத்த எங்கள் பிள்ளைகள் பல்கலைக்கழக வாசலிலேயே நின்றுபோனதைச் சொல்லிச் சொல்லிக் கொதிப்பார். "புள்ளி எடுத்தவனுக்குத்தான் இடம். மிச்சமெல்லாம் களவு!" என்று மேசையில் அடிப்பார். நானும் கைதட்டினேன். என் தம்பி குகன் அப்படி வாசலில் நின்றவர்களில் ஒருவன்.

எழுபத்தைந்தில் குகனை இங்கே அழைத்தேன். பொறியியல் படிக்க இடம் கிடைத்தது, தங்கத்தான் இடமில்லை. நானே இன்னொரு குடும்பத்தின் பின்னறையில் ஒண்டிக்கொண்டிருந்தேன். எங்கள் விடுதியில் ஓர் இலவச இடம் இருந்தது. அது கிடைத்தால் படிப்பு, இல்லாவிட்டால் கார்த் தொழிற்சாலை. தெரிவுக் குழுவின் செயலாளர் நம்முடைய அங்கிள்தான். ஐம்பதுகளில் அதே விடுதியில் தங்கிப் படித்தவர். எனக்குக் கவலையே இருக்கவில்லை.

பழைய மாணவரின் மகனுக்கு முன்னுரிமை என்பது அந்த விடுதியின் வழக்கம். குடியேறிய குடும்பங்களிலிருந்து ஒருவரையாவது எடுக்க வேண்டும் என்று அந்த வருடம் புதிதாகவும் ஒன்று சொன்னார்கள். அங்கிளின் மகன் ரவியும் விண்ணப்பித்திருந்தான். அவனுடைய புள்ளிகளைப் பட்டியலில் ஏற்றியபோது எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் அவன் ஒருவனை எடுத்தால் வழக்கம், புது விதி இரண்டும் சரி.

குழுக் கூட்டத்தில் மகனைப் பற்றிய பேச்சு வந்ததும் அங்கிள் முறைப்படி எழுந்து வெளியே வந்தார். என் அறைக் கதிரையில் அமர்ந்து, நான் போட்ட தேநீரைக் குடித்தார். "நான் உள்ளுக்கு இருக்கக் கூடாது, பிள்ளை. நீதி எண்டால் நீதி" என்றார். பத்து நிமிடத்தில் ரவிக்கு இடம் கிடைத்தது.

"அங்கிள், குகனுக்குத்தானே கூடப் புள்ளி?"

"ஓம், கெட்டிக்காரன். ஆனா இது வேறை, இது பாரம்பரியம். எங்கட முகம் ஒண்டைத்தான் அவையள் எடுப்பினம். அது தெரிஞ்ச முகமா இருக்கிறது எல்லாருக்கும் நல்லது."

குகனுக்கான மறுப்புக் கடிதத்தை என்னையே தட்டெழுதச் சொன்னார். நிதானமாக வாசித்தார். "வருந்துகிறோம் எண்டு ரெண்டு தரம் வருது. ஒருக்காப் போதும்" என்றார். திருத்திக் கொடுத்தேன், கையெழுத்திட்டார். அடுத்த சனிக்கிழமையும் தரப்படுத்தலைத் திட்டினார். வெட்கமில்லாமல் நானும் போய் வடை தின்றேன்.

ரவி இரண்டாம் வருடமே படிப்பை விட்டுவிட்டான். குகன் இன்றுவரை கார்களுக்குக் கதவு பொருத்துகிறான். செத்தவீட்டுக்கு லீவு போட்டு வந்து பெட்டியையும் தூக்கினான். "அக்கா, நல்லதா எழுதுங்கோ. நான் எப்பவோ மன்னிச்சிட்டன்" என்றான்.

வீடும் புத்தகங்களும் ரவிக்குப் போகும். அங்கிளிடமிருந்து எனக்கு வந்தது ஒரு கோபம். அதை யாருக்கும் பங்கு வைக்கமாட்டேன். மன்னிக்க வேண்டியவன் மன்னித்துவிட்டான். நான் மன்னிக்கவில்லை, அங்கிள்.