பாலத்தில் மாட்டிக்கொண்டதாகச் சொன்ன குணா

குணா இறந்த செய்தி ஆட்டத்தின் நடுவே வந்தது. திரையோரம் ஓடும் பார்வையாளர் அரட்டையில் ஒருவர் எழுதினார்: "அக்கா, குணா அண்ணன் காலையில தவறிட்டாரு. ஹார்ட் அட்டாக்." நான் வர்ணனையை நிறுத்தவில்லை. அழுகையும் வரவில்லை, கோபம்தான் வந்தது. உங்களில் அவரை அறிந்தவர்களுக்கு அது ஏன் என்று தெரியும்.

கைப்பேசி விளையாட்டுப் போட்டிகளுக்குத் தமிழில் வர்ணனை சொல்ல நாங்கள் இருவரும்தான் தொடங்கினோம், எங்கள் தீவின் லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடை மாடியில். பாட்டுக்கடைச் சத்தம் மைக்கில் ஏறாமலிருக்க ஜன்னலில் புடவைப் பெட்டிகளை அடுக்கிவைப்போம். திரையில் நடக்கும் சண்டையை அவர் சொல்வார். சண்டை ஓய்ந்ததும் நான் விளக்குவேன். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் அவர், "முதல் தடவ பாக்குறவங்களுக்கு," என்று தொடங்கி, ஆடுபவர் யார், எந்த ஊர், பாலத்துக்கு அக்கரையில் மாக் மண்டின் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடித்து வந்தவரா என்பதுவரை சொல்லிவிடுவார். நான் அலுத்துக்கொள்வேன். "கேம் மாறிக்கிட்டே இருக்கும் லா செல்வி. ஜனங்க ஆளுக்காகத்தான் திரும்பி வருவாங்க," என்பார். உண்மைதான். ஆடவே தெரியாத அம்மாக்கள்கூடப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தார்கள்.

இறுதிப்போட்டி அன்று அவரைக் காணோம். போன் செய்தேன். "பாலத்துல ஜாம் லா. நீ ஆரம்பி, வந்துடறேன்." ஆரம்பித்தேன். அரட்டையில் யாரோ கேட்டார்: "குணா அண்ணன் ஏன் மலாய் சேனல்ல இருக்காரு?" திறந்து பார்த்தேன். புதுச் சட்டை போட்டுக்கொண்டு, எங்கள் தொடக்க வரியையே மலாயில் சொல்லிக்கொண்டிருந்தார். பார்வையாளர்கள் அவர் பின்னாலேயே போனார்கள். போவார்கள் என்று அவருக்குத் தெரியாதா என்ன? தெரிந்தேதான் செய்தார்.

பிறகு ஒரு கல்யாணத்தில் எதிர்ப்பட்டார். "சொல்லியிருந்தா நீ விட்டிருக்கமாட்டே," என்றார், தப்பு என்மேல் என்பதுபோல. நான் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன். அதுதான் கடைசி.

இந்த வாரம், அன்று போனவர்களெல்லாம் எங்கள் அரட்டைக்கே திரும்பி வந்து அவருக்காக அழுகிறார்கள். அவர்கள் மேலும் எனக்குக் கோபம்தான். நேற்று ஒரு புதியவர் கேட்டார்: "யாரு அக்கா குணா?"

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு பழக்கத்தைத்தான். புதிதாக வந்தவரை விழிக்கவிட முடியவில்லை. "முதல் தடவ பாக்குறவங்களுக்கு," என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன், புடவைப் பெட்டிகளிலிருந்து பாலத்து ஜாம்வரை. "அப்போ அவர் நல்லவரா, கெட்டவரா?" என்று கேட்டார் புதியவர்.

அதற்குள் திரையில் சண்டை ஆரம்பித்துவிட்டது. அதைச் சொல்ல நான் ஒருத்திதான் இருந்தேன்.