இரண்டு கேபின், ஐந்து பெயர்

தூத்துக்குடி துறைமுகச் சாலையில், கடல் சுற்றுலாவுக்குப் பதிவு செய்யும் சின்ன அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறோம். எங்களுக்கு இரண்டு கேபின்கள். பெரியதில் நானும் என் மகன்கள் இருவரும், சிறியதில் கணவரும் அவர் மகள் மித்ராவும் என்று எழுதி நீட்டுகிறேன். எங்களுக்குத் திருமணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது. அவரவர் பிள்ளை அவரவரோடு இருந்தால் வம்பில்லை என்பது என் எண்ணம். மித்ரா இன்னும் என்னை எந்த முறை சொல்லியும் அழைப்பதில்லை.

படிவத்தை வாங்கும் பெண்ணுக்குச் சொந்த ஊர் பெரியதாழை. படித்துவிட்டுச் சிரிக்கிறாள்.

"அண்ணன் தம்பிய ஒண்ணாப் போட்டுட்டியளே அக்கா! எங்க அண்ணன்மாரு ரெண்டு பேரும் ஒரே வள்ளத்துல கடலுக்குப் போவ மாட்டாவ. ஒரு வீட்டு ஆளுவ பிரிஞ்சுதான் ஏறணும். ஒரு வள்ளத்துக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, வீட்டுக்கு ஒரு ஆளாவது மிஞ்சணும்லா?"

"ரெண்டு கேபினும் ஒரே கப்பல்லதானம்மா இருக்கு?" என்கிறார் கணவர்.

"அதுவும் சரிதான்" என்று சிரித்துக்கொண்டே அவள் முத்திரையை எடுக்கிறாள்.

அதுவரை கைபேசியிலிருந்து நிமிராத மித்ரா, படிவத்தைத் தன் பக்கம் இழுக்கிறாள். என் சின்னவனின் பெயரை அடித்து, அதைத் தன் அப்பாவின் கேபினில் எழுதுகிறாள். தன் பெயரை என் பெயருக்குக் கீழே எழுதுகிறாள்.

"நாமளும் ஒரே வீடுதானே" என்கிறாள், யார் முகத்தையும் பார்க்காமல். "பிரிஞ்சே போலாம்."