லியூலினுக்குப் போகிற ஆன்ட்டி

"...க்ரீன் கார்டைக் கையில வெச்சுக்கிட்டு ஊருக்குத் திரும்பிப் போறேங்கறாங்களே, இந்தம்மாவுக்கு என்ன பைத்தியமா?" என்றபடி, துடைத்த அடுப்பையே மறுபடியும் துடைத்தாள் அம்மா. அப்பா ஆபீஸில் அந்த வாரமும் ஆட்களைக் குறைத்திருந்தார்கள். வேலை போனால் விசா போகும், விசா போனால் நாங்கள் இருந்த ஃப்ரீமான்ட் ஊரும் போகும். இரண்டாயிரத்து ஒன்றில், ஒன்பது வயதில், எனக்குத் தெரிந்த பொருளாதாரம் அவ்வளவுதான்.

'இந்தம்மா' எங்கள் பக்கத்து வீட்டு பல்கேரிய ஆன்ட்டி. அமெரிக்க அரசு நடத்துகிற குலுக்கலில் பெயர் விழுந்து, க்ரீன் கார்டோடு வந்து இறங்கியவர். நம் ஊர்க்காரர்களுக்கு அந்தக் குலுக்கலில் இடமில்லை. நாங்கள் வரிசையில் நின்றோம். அம்மாவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. பகலில் போன் அடித்தால், அப்பாதான், வேலை போய்விட்டது என்று ஓடுவாள். அடிக்காவிட்டாலும் எழுந்துபோய், ரிசீவரை எடுத்துச் சத்தம் வருகிறதா என்று பார்ப்பாள்.

ஆன்ட்டியின் ஊர் சோஃபியா, அதில் லியூலின் என்கிற பேட்டை. பால்கனியில் சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டுத் தோலுரித்துக்கொண்டே எனக்கு லியூலினைச் சொல்வார். அங்கே தெருப்பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாதாம். பிளாக் நம்பர், எந்த வாசல், எத்தனையாவது மாடி, அவ்வளவுதான். லிஃப்ட் அதற்கு மனசு வந்தால் ஓடும். மிளகாய்க் காலத்தில் எல்லா பால்கனியிலும் புகை. "பேட்டை முழுக்க ஒரே சமையல்கட்டு" என்பார். ஏழாவது மாடியில் அவர் தங்கை இருந்தார்.

எங்கள் அபார்ட்மென்டில் ஒரு பழக்கம். காலி செய்துகொண்டு போகிறவர்கள் சாமான்களை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டுப் போவார்கள். "நம்மளவிட நம்ம சோபா நிறைய குடும்பம் பாத்திருக்கு" என்பார் அப்பா. ஆன்ட்டி வீட்டிலிருந்தும் வந்தன: மேஜை விளக்கு, இஸ்திரிப் பெட்டி, ஒரு கால் ஆடுகிற டிவி ஸ்டாண்ட். வரவேண்டியது மட்டும் வரவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு நானே போய் என் ஆங்கிலத்தில் கேட்டேன்: ஆன்ட்டி, போகும்போது உங்கள் க்ரீன் கார்டை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறீர்களா? அம்மாவுக்கு ரொம்ப வேண்டும்.

ஆன்ட்டி சிரிக்கவில்லை. கையைக் கழுவி, கைப்பையை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். காரியம் முடிந்தது என்று நான் பின்னால் குதித்துக்கொண்டு வந்தேன். அவர் கார்டை எங்கள் சாப்பாட்டு மேஜையில் வைத்து, நான் கேட்டதைச் சொன்னார். அம்மாவின் முகம் போன போக்கு!

"மானத்த வாங்கிட்டியேடி!" என்று என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். ஆன்ட்டி பக்கம் திரும்பி "சாரி, சாரி" என்றாள்.

"கொடுக்க முடிந்தால் கொடுத்திருப்பேன். என் மூஞ்சியைப் போட்டுத் தொலைத்துவிட்டார்களே" என்று ஆன்ட்டி கார்டில் இருந்த தன் படத்தைத் தட்டினார். பிறகு பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். "நான் போவது இங்கே."

அடுக்கடுக்காகச் சாம்பல் நிறக் கட்டடங்கள். கொடியில் துணிகள். உயரத்தில் ஒரே ஒரு ஜன்னலைச் சுற்றிப் பேனா வட்டம்.

அம்மா குனிந்து பார்த்தாள். "அய்யோ, எங்க கே.கே. நகர் ஹவுசிங் போர்டு மாதிரியே இருக்கே" என்றாள், தமிழிலேயே. அவள் பிறந்து வளர்ந்தது அங்கேதான். "எங்களோடது மூணாவது மாடி."

ஆன்ட்டிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் "ம்" கொட்டினார்.

எனக்கோ பொறுக்கவில்லை. கேட்ட பொருள் கையெட்டும் தூரத்தில் கிடக்கிறது, இரண்டு பேரில் ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை. அத்தனை நாள் அதற்காகத் தவித்தவள் அன்று ஏன் அப்படி இருந்தாள் என்று எனக்கு விளங்கவே இல்லை. அம்மா கார்டை இரண்டு விரலால் ஆன்ட்டி பக்கம் தள்ளினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

போன் அடித்தது. அம்மா எழுந்திருக்கவில்லை. போட்டோவைக் கையில் எடுத்து, அடியிலிருந்து மாடிகளை எண்ணிக்கொண்டு வந்து, மூன்றாவதில் விரலை வைத்தாள்.